எண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை



இன்று காலை அம்மா மண்டபம் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காவிரி இரு கரையும் தொட்டுப் போகிறது. இப்படித் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் 2005 நவம்பர் வெள்ளம் ஞாபகம் வந்துவிடும். அப்போது நாங்கள் உறையூரில் குடியிருந்தோம். இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை, இன்று எழுதிவிடுகிறேன்.

தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் மாமியாருக்கு அப்போது 78 வயது, சர்க்கரை நோயாளி. இன்சுலின் தீர்ந்துவிட்டது. மத்தியானம் மோட்டார் வைத்த ரப்பர் படகு ஒன்று வந்தது. மாமியார், நான், பக்கத்து வீட்டுக்காரர்கள் என ஆறு பேர் ஏறினோம். படகோடு உதவிக்கு நின்ற நம்ம தெருப் பையன் ஒருவனும் ஏறிக்கொண்டான். டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை பார்த்தவன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன்.

ஐந்து நிமிடம் நன்றாக ஓடிய இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. படகோட்டி கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. படகு மெதுவாகத் திரும்பி, உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. வாய்க்கால் எது, ரோடு எது என்றே தெரியாத தண்ணீர். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரங்கா, ரங்கா" என்றார்.

அந்தப் பையன் மட்டும் பெட்ரோல் டேங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தான். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். கையால் அமுக்கினால் பெட்ரோல் ஏறும். அது சப்பையாக ஒட்டிப்போயிருந்தது. "அண்ணே, மூடியில காத்துத் திருகு மூடிக் கிடக்குண்ணே" என்று சொல்லித் திருகைத் திறந்தான். 'உஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் எல்லோருக்கும் கேட்டது. உருண்டையைக் கெட்டியாகும் வரை அமுக்கினான். படகோட்டி கயிற்றை இழுத்தார், இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வண்டியில் ஏற்றி வரும்போது பெட்ரோல் சிந்தாமல் இருக்க அந்தத் திருகை இறுக்கியிருக்கிறார்கள். அவசரத்தில் திறக்க மறந்துவிட்டார்கள். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. அப்புறம் எப்படி பெட்ரோல் வரும்?

கரை சேர்ந்ததும், "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர். எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா விட்டு விட்டுத்தான் ஊத்தும், ரெண்டு போட்டா சீரா ஊத்தும்னு செஞ்சு காமிச்சீங்களே" என்றான்.

எனக்குப் பேச்சே வரவில்லை. வருஷா வருஷம் அந்தச் சோதனையைச் செய்து காட்டியவள் நான். அதே படகில், அதே டேங்க்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இவனை வகுப்பில் "மக்கு" என்று பலமுறை திட்டியிருக்கிறேன். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அவன் நாகப்பட்டினம் பக்கம் படகு இன்ஜின் வேலை பார்க்கிறான். போன ஆடியில் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தான். அப்போதுதான் அந்த மன்னிப்பைக் கேட்டேன். சிரித்துவிட்டு, "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் டீச்சர்" என்றான். பிறகு அவன் பாடம் நடத்தினான், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்ஜின் ஓடும்போது பின்பக்கம் ஒரு சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிர வைக்கும் பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது நின்றால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். பாலிதீனோ ஆகாயத்தாமரையோ அடியில் அடைத்திருக்கும். பம்புக்குள் சுற்றுவது ரப்பர் இம்பெல்லர். நம்ம காவிரி மணல் அதைத் தேய்த்துவிடும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சீக்கிரமே கருகிவிடும். அதனால் சோதித்துப் பார்ப்பதென்றால், டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, இன்ஜினின் கால் பகுதியை முக்கித்தான் ஓட்ட வேண்டும்.

பழைய பெட்ரோலை நம்பக் கூடாது. இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் ஆயிலைக் கையேட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

கடைசியாக அவன் சொன்னதுதான் மனதில் தங்கிவிட்டது. "ஓடுற இன்ஜினை விட சும்மா கிடக்குற இன்ஜின்தான் டீச்சர் சீக்கிரம் கெடும். கடல்ல தினமும் போறவன் தினமும் பாத்துடுவான். வெள்ளத்துக்குன்னு வாங்கி வெச்ச படகை வெள்ளம் வந்தாத்தான் பாப்பாங்க."

என் மாணவர்களில் சிலர் இன்று அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். சிலர் வெள்ளக் காலத்தில் இளைஞர்களோடு சேர்ந்து உதவிக்கு ஓடுகிறீர்கள். உங்கள் பொறுப்பில் படகு இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூடியில் அந்தத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். துவாரத்தில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அந்தப் படகில் யாரோ ஒருவருடைய மாமியார் உட்கார்ந்திருப்பார்.

ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கடைசி பெஞ்சில் இருப்பவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஸ்ரீரங்கம்