எல்லாத்துக்கும் காரணம் அந்த முப்பது டேப்!

பொட்டி தட்டுறவன் வீட்டுலயே பொட்டி படுத்துக்கிச்சுன்னா? போன சனிக்கிழமை ராத்திரி அதான் நடந்துச்சு. என் லேப்டாப்புல தங்கச்சி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சிக்கிட்டு இருந்தா. திடீர்னு மவுஸ் நகரலை. கொஞ்ச நேரத்துல லிப்ரே ஆபிஸே காணோம். சேவ் பண்ணாத ரெண்டு பக்கமும் போயே போச்சு.

"முப்பது டேப் திறந்து வச்சா இப்படித்தான்"னு கத்தினேன். அவ பேசாம எழுந்து போயிட்டா.

அப்புறம் டாப் கமாண்ட் போட்டுப் பார்த்தா மண்டை காய்ஞ்சுடுச்சு. பிரவுசர் உட்பட எல்லாத்தையும் கூட்டினாலும் 3 ஜிபிதான் வருது. ஆனா 8 ஜிபியில 7க்கு மேல போயிருக்கு. கேச்சா இருக்குமோ? கேச்சுன்னா தேவைப்படும்போது கெர்னல் பெரும்பாலும் விட்டுக் கொடுத்துடும், ஃப்ரீ கமாண்டோட 'அவைலபிள்' கணக்குலயும் சேரும். அங்கயும் சொற்பம்தான்.

கடைசியில மெம்இன்ஃபோ ஃபைல்ல சிக்குச்சு. 'எஸ்அன்ரீக்ளெய்ம்' 4 ஜிபி! கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கிட்டு, கேட்டாலும் திருப்பித் தராத இடம் அது. டாப் பட்டியல்ல எந்த ப்ரோக்ராம் பேர்லயும் வராது. மெமரி தீர்ந்தா ஏதாவது ஒரு ப்ரோக்ராமைக் கொல்றதும் இதே கெர்னல்தான். திருடனே தீர்ப்பும் சொன்ன கதை!

வியாழக்கிழமை அப்டேட் போட்டது யாரு? அடியேன்தான் :-(

க்ரப் மெனுவுல பழைய கெர்னலைப் பிடிச்சு பூட் பண்ணி, அதே முப்பது டேபையும் திறந்து ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில 200 எம்பியிலயே நிக்குது.

தங்கச்சிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "சரி, அந்த ரெண்டு பக்கத்தை உன் கெர்னல் வந்து அடிச்சுக் குடுக்குமா?"ன்னா.

அவ சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன்.