பந்தயச் சாலையும் காவு வண்டியும்

சித்திரைப் புத்தாண்டு பிறந்ததும் நுவரெலியா தன் வழக்கமான முகத்தை மாற்றிக்கொண்டுவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிறகரி வாவிக் கரையின் களியாட்டங்கள் ஆகியவற்றோடு மோட்டார்ப் பந்தயமும் அவ் வசந்த காலத்தின் ஓர் அங்கமாக நிலைபெற்று ஒரு நூற்றாண்டை நெருங்குகின்றது. மகாகஸ்தோட்டைத் தோட்டத்து மலைப்பாதையில் மேல்நோக்கி விரையும் ஏற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. ரதெல்லையில் நிகழும் மற்றோர் ஏற்றப் பந்தயமும் தேயிலை மலைகளுக்கு நடுவிலேயே நடைபெறுகின்றது. துரைமார் காலத்தில் வேரூன்றிய இவ் விளையாட்டைக் காண்பதற்கு இன்று அக்கரப்பத்தனையிலிருந்தும் இளைஞர்கள் லிந்துலை, தலவாக்கலை வழியாகப் பஸ் ஏறிச் செல்கின்றனர். நுழைவுச் சீட்டு வாங்கி ஆசனத்தில் அமர்வதினும், தேயிலை நிரையோரத்து மண்திட்டில் நின்று பார்ப்பதே அவர்களுக்கு உவப்பானது.

அவ்வாறு நிற்பவர்களுள் பெரும்பாலோரின் கண்ணில் படாத பொருளொன்று பந்தயச் சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். அதுவே நோயாளர் காவு வண்டி. அதன் பின்கதவு திறந்திருக்க, உள்ளே படுக்கை விரித்திருக்க, அருகில் இரண்டு மூன்று பேர் செய்வதொன்றுமின்றி இருப்பதாகத் தோன்றும். நாள் முழுவதும் அவர்கள் அவ்வாறே இருந்துவிட்டுத் திரும்புவார்களாயின் அந்த நாள் நல்ல நாள். ஆயினும் இவ் வண்டி இல்லாவிடில் பந்தயம் தொடங்கக் கூடாது. ஒரு வண்டி காயமுற்றவரை ஏற்றிக்கொண்டு சென்றுவிட்டால், வேறொன்று அதன் இடத்துக்கு வரும்வரை அடுத்த காரை விடவும் கூடாது. கொடி அசைப்பவர் முதல் கடிகாரம் பார்ப்பவர் வரை அனைவரும் அந்த வண்டிக்குக் கட்டுப்பட்டவர்களே.

மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் கூட்டமாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிடுகின்றன. எனவே மோதல் குறைவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் பாதையோ ஒன்று, அகலமோ குறைவு, ஒரு பக்கம் மண்வெட்டு, மறுபக்கம் பள்ளம். வளைவில் வழுக்கிய கார் கீழேயுள்ள தேயிலைக்குள் உருண்டால், காவு வண்டி சாலை வரைக்குமே செல்லலாம். அதற்கப்பால் மனிதர்களே இறங்க வேண்டும். இறங்கியவர்கள் முதலிற் பார்ப்பது உடைந்த காலையன்று, மூச்சு வருகின்றதா என்பதையே. அதன் பின்னர் குருதிப் பெருக்கு, அதன் பின்னர் கழுத்து. தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கும் இருவர் வேண்டும்: ஒருவர் கழுத்தை அசையாமற் பிடிக்க, மற்றவர் மெல்லக் கழற்றுவார். அன்பு மிகுதியால் ஓடிவந்து காயமுற்றவரைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஓடும் நண்பர், முள்ளந்தண்டு முறிந்தவரை ஆயுள் முழுவதும் எழமுடியாதவராக்கிவிடக் கூடும். நம்மவரிடையே இவ் வகை அன்பு சற்று அதிகம்.

உலகப் புகழ்பெற்ற பந்தயங்களிலும் இந்த ஒழுங்கு எளிதாக வந்துவிடவில்லை. 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி இத்தாலியின் மொன்சாப் பந்தயச் சாலையில், தொடக்கத்திலேயே பல கார்கள் மோதின. சுவீடன் நாட்டு வீரர் ரொனி பீற்றர்சனை எரியும் காரிலிருந்து சக வீரர்களே வெளியே இழுத்தனர். அவ்வாண்டு முதல் ஃபோர்முலா வன் பந்தயங்களின் மருத்துவப் பொறுப்பை ஏற்றிருந்த இலண்டன் மூளை அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் சிட் வொற்கின்ஸ், பொலிசாரின் தடுப்பைத் தாண்ட இயலாமல் நின்றார். காவு வண்டி வந்து சேர ஏறத்தாழ 18 நிமிடங்கள் சென்றன. கால்கள் முறிந்திருந்த பீற்றர்சன் மறுநாள் இறந்தார். முறிந்த எலும்பிலிருந்து குருதியிற் கலந்த கொழுப்பே காரணமாயிற்று. அதன் பின்னரே, முதற் சுற்றில் கார்களின் பின்னால் மருத்துவரின் கார் ஓடுவதும், மயக்க மருந்து வல்லுநர் ஒருவரும் ஹெலிகொப்டர் ஒன்றும் ஆயத்தமாக இருப்பதும் விதியாயின. வொற்கின்ஸ் வேண்டியவை இவையே. கிடைக்காவிடின் பந்தயம் இல்லை என்று சொல்லும் துணிவும் அவருக்கு இருந்தது.

அவ் விதியின் வலுவை மலைநாட்டார் நன்கு விளங்கிக்கொள்ளக் கூடிய நிகழ்ச்சியொன்று 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜெர்மனியின் நூர்பர்க்றிங் சாலையில் நிகழ்ந்தது. வீரர்கள் இருந்தனர்; கார்களும் இருந்தன. ஆனால் மூடுபனி இறங்கிவிட்டது. மருத்துவ ஹெலிகொப்டர் பறக்க முடியவில்லை. வீதி வழியாக 20 நிமிடங்களுக்குள் வைத்தியசாலையை அடையவும் இயலாது. ஆதலால் அந்த வெள்ளிக்கிழமையின் இரண்டு பயிற்சி ஓட்டங்களும் கைவிடப்பட்டன. பனிமூட்டத்தின் காரணமாக நோயாளியை ஏற்ற முடியாதெனின் ஓட்டமும் வேண்டாம் என்றனர். டயகமப் பக்கத்து மலைகளிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்கே பனி இறங்குவதைக் கண்டு பழகியவர்கள், அத்தகைய கணக்கு தங்கள் நோயாளருக்கு எப்போதாவது போடப்பட்டதுண்டோ என்று வினவினால் அது வியப்பன்று.

நம் நாட்டின் பந்தயங்களில் காரோட்டியினும் பார்வையாளரே பெரிய ஆபத்தில் நிற்கின்றனர் என்பதை 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை உணர்த்தியது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின்னர் நடந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயம் அது. ஒரு கார் சாலையோரத்திற் புரண்டது. உதவியாளர்கள் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்த போதே மற்றொரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. எழுவர் இறந்தனர், அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. நால்வர் பந்தய உதவியாளர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஒரு காரோட்டிக்காக ஆயத்தமாயிருக்கும் ஏற்பாடு, ஒரே கணத்தில் இத்தனை பேரைத் தாங்குமாறு அமைவதில்லை. யாரை முதலில் ஏற்றுவது, யாரைக் காத்திருக்கச் செய்வது எனப் பிரித்தறிபவர் ஒருவர் அவ்விடத்தில் வேண்டும். உரக்கக் கதறுபவர் பெரும்பாலும் காத்திருக்கக் கூடியவர். ஓசையின்றிக் கிடப்பவரையே முதலிற் பார்க்க வேண்டும். அதனினும் மேலான மருத்துவம், வளைவின் வெளிப்பக்கத்தில் எவரையும் நிற்கவிடாத கயிறும் மண்ணணையுமே.

பந்தயம் முடிந்து அக்கரப்பத்தனைக்குத் திரும்புபவர் ஏறும் பாதையிலும் மருத்துவத்தின் கதையொன்று உண்டு. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்கவேண்டுமென்ற கட்டளைச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே பிறந்தது. ஆயினும் நெடுங்காலமாக லயத்து நோயாளிக்குக் கிட்டியவை தோட்டத்து டிஸ்பென்சரியும் கொழுந்து லொறியுமே. பிரசவ வேதனையுற்ற பெண்ணைக் கம்பளியிற் கிடத்தி நால்வர் தூக்கிவந்து, கொழுந்துச் சாக்குகளுக்கிடையே ஏற்றி அனுப்பிய கதை இல்லாத தோட்டம் அரிது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய காவு வண்டி, இந்திய உதவியுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் மட்டுமே தொடங்கியது. 2017 மே 12ஆம் திகதி டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த இந்தியப் பிரதமர், நோர்வூட்டிற் பேசுகையில் அச் சேவை ஏனைய மாகாணங்களுக்கும் விரியும் என அறிவித்தார். பின்னர் அது நாடு முழுவதற்கும் வந்தது. பெருநன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் மலைநாட்டு வீதியும் ஒருவகைப் பந்தயச் சாலையே. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா – ரதெல்லைக் குறுக்குப் பாதையின் இறக்கத்தில், பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ்ஸொன்று வானொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியது. அங்கும் இறந்தவர் எழுவர். பந்தயப் பெயர் கொண்ட ரதெல்லைதான். ஆனால் அந்த இரவில் எந்த வளைவிலும் கொடியுடன் ஒருவரும் நிற்கவில்லை, பின்கதவைத் திறந்துவைத்து ஒரு வண்டியும் காத்திருக்கவில்லை. இருளில் முதலில் உதவ வந்தவர்கள் வழிப்போக்கரும் அயலவருமே.

பந்தயச் சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண்ணோ பெயரோ உண்டு. உதவியாளர் வானொலிக் கருவியில் அதை மட்டும் சொன்னாற் போதும், வண்டி புறப்பட்டுவிடும். லயத்திலிருந்து 1990ஐ அழைப்பவருக்கோ சொல்வதற்கு இலக்கமில்லை. கடிதங்களும் தோட்டக் கந்தோருக்கே வந்து பழகியவை. "பணியக் கணக்கு, கோயிலடியால மேல வாங்க, மடுவத்துக்கிட்ட ஒரு பொடியன டோர்ச் லைட்டோட நிப்பாட்டி வைக்கிறோம்" என்றுதான் அவர் சொல்ல வேண்டியிருக்கின்றது. பனி இறங்கிய இரவில், மடுவத்தருகே அந்தச் சிறுவன் வெளிச்சத்தை அசைத்துக்கொண்டு நிற்கின்றான்.