ஸ்லாட் விட்ட வழி: மெமரி கார்டு குறிப்புகள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் எந்தக் கடையில் மெமரி கார்டு கேட்டாலும் முதல் கேள்வி, "எத்தன ஜிபிங்க?" அடுத்தது, "சாதா போதுங்களா, ஸ்பீடு கார்டு வேணுங்களா?" ஒரே கம்பெனி, ஒரே 128 ஜிபி. ஸ்பீடு என்ற சொல்லுக்காக மட்டும் விலை ஏறுகிறது. அந்தக் கூடுதல் காசு யாருக்குப் பயன்படும், யாருக்கு வீண் என்பதுதான் இந்தக் குறிப்புகள்.

*

மைக்ரோ எஸ்டி கார்டின் அளவு 15 மி.மீ.க்கு 11 மி.மீ. அதற்குள் ஒரு ஜாதகமே எழுதியிருக்கிறார்கள். சி வளையத்துக்குள் 10, யு கிண்ணத்துக்குள் 3, பக்கத்தில் வி30, ஏ2, ஓரத்தில் ரோமன் ஒன்று. சி10 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 10 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உறுதி. யு3, வி30 இரண்டும் சொல்வது ஒன்றையே: 30 எம்பிக்குக் கீழே போகாது. கவரின் நெற்றியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '200 எம்பி' வேறு கணக்கு. அது படிக்கும் வேகம், அதுவும் உச்சபட்சம். கம்பெனி உறுதி கொடுப்பது சின்ன எழுத்தில், ஆசை காட்டுவது பெரிய எழுத்தில்.

*

அந்த ரோமன் ஒன்று யுஎச்எஸ்-1 என்பதன் அடையாளம். அந்தத் தரத்தின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பிதான். பிறகு 170, 200 எல்லாம் எங்கிருந்து வருகிறது? தரத்துக்கு வெளியே கம்பெனிகள் தாங்களாகச் சேர்த்த உத்தி. அதற்கு ஒத்துப்போகும் ரீடரில் செருகினால்தான் அந்த வேகம் கிடைக்கும். போனில் செருகினால் 104க்குள் அடங்கிவிடும்; பல போன்களில் அதுவும் வராது. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள ஏற்காடு மலைப்பாதையில் எந்த வண்டியை எடுத்துப் போனாலும் வளைவு விடுகிற வேகம்தான். கார்டுக்கும் ஸ்லாட் விட்ட வழி.

*

செல்போன் கடை வாசலில் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று பலகை தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பிக்குள் முடியும். 2 ஜிபி கார்டில் நானூறு பாட்டு. அதைப் பாட வைக்க நொடிக்கு 16 கிலோபைட் படித்தால் போதும். அன்றைக்கு யாரும் ஸ்பீடு கேட்கவில்லை, தேவையும் இல்லை. இன்றும் பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் மட்டும் கார்டு போடுகிறவர்களுக்கு அதே கதைதான். இருப்பதில் சாதாவே மிச்சம்.

*

"ஸ்பீடு கார்டு போட்டா போன் வேகமாயிடுமா?" ஆகாது. ஆப் திறப்பது பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும் வேலை இல்லை. ஆயிரக்கணக்கான துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கும் வேலை. அதற்குத்தான் ஏ1, ஏ2 முத்திரை. ஏ1 நொடிக்கு 1,500 முறை படிக்கும், 500 முறை எழுதும். ஏ2 4,000 முறை படிக்கும், 2,000 முறை எழுதும். ஒரு துண்டு 4 கிலோபைட் என்று வைத்தால் ஏ2 உறுதி சொல்வது நொடிக்கு 16 எம்பிதான். நெற்றியில் எழுதிய 200 எங்கே, இந்த 16 எங்கே! அந்த 16ம் முழுதாக வர, கார்டுக்கு வரிசையாக வேலை கொடுக்கும் வசதி போனில் இருக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் இல்லை. ஏ2வுக்குக் கொடுத்த காசுக்கு அங்கே ஏ1 வேலைதான் நடக்கும். போனுக்குள்ளேயே இருக்கும் யுஎஃப்எஸ் சேமிப்போடு எந்த யுஎச்எஸ்-1 கார்டும் போட்டி போட முடியாது. கார்டில் போட்டோ, வீடியோ, பாட்டு வைக்கலாம். ஆப் வேண்டாம்.

இன்னொரு சங்கடம் ஹைப்ரிட் ட்ரே. இரண்டாவது சிம்மா, கார்டா, ஏதாவது ஒன்றுதான். கடை நம்பர் ஒன்று, வீட்டு நம்பர் ஒன்று வைத்திருப்பவருக்கு வேகம் பற்றிய கேள்வியே எழாது.

*

வேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம் கல்யாண மண்டபம். "கெட்டி மேளம்" என்ற குரல் கேட்டதும் போட்டோகிராபர் ஷட்டரை அழுத்திப் பிடிக்கிறார். சோனி ஏ7 III மாதிரி ஒரு கேமரா என்றால் நொடிக்கு 10 படம்; சுருக்கிய ரா படம் ஒவ்வொன்றும் சுமார் 24 எம்பி. நொடிக்கு 240 எம்பி வந்து குவிகிறது. முதலில் கேமராவின் உள் நினைவகம் தாங்கிக்கொள்ளும். அது நிரம்பியதும் கார்டு வாங்கிக்கொள்ளும் வேகத்தில்தான் அடுத்த படம். மெதுவான கார்டு என்றால் ஷட்டர் திணறும்; மூன்றாவது முடிச்சு விழும் நேரத்தில் கேமரா பழைய படங்களை எழுதிக்கொண்டிருக்கும்.

இங்கே யுஎச்எஸ்-2 கார்டு பேசும். கார்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: தங்கநிறத் தகடுகள் ஒரு வரிசைக்குப் பதில் இரண்டு வரிசை. ஆனால் அந்த ஏ7 IIIயில் முதல் ஸ்லாட் மட்டுமே யுஎச்எஸ்-2. இரண்டாவது பழைய யுஎச்எஸ்-1. பாதுகாப்புக்காக இரண்டிலும் ஒரே படத்தை எழுத வைத்தால் மெதுவான ஸ்லாட்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். முதல் ஸ்லாட்டில் விலை உயர்ந்த வி90 போட்டும் பலன் இல்லை. 2012ல் வந்த கேனான் 5டி மார்க் III இன்னும் பல கைகளில் இருக்கிறது. அதன் எஸ்டி ஸ்லாட் யுஎச்எஸ்ஸே அல்ல. அதில் வேகம் வேண்டுமானால் காம்பாக்ட் ஃப்ளாஷ் (சிஎஃப்) கார்டுதான்.

வீடியோவுக்கு இவ்வளவு தேவையில்லை என்றால் பலர் நம்புவதில்லை. ஏ7 IIIயின் 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், ஆக 12.5 எம்பி. வி30 கார்டு தாராளம்.

*

கார்டுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு ரீடருக்குக் கஞ்சத்தனம் காட்டுவது பொதுவான பழக்கம். 64 ஜிபியைக் கம்ப்யூட்டருக்கு இறக்க, பழைய யுஎஸ்பி 2 ரீடரில் நொடிக்கு 35 எம்பி என்றால் அரை மணி நேரம். நல்ல யுஎச்எஸ்-1 ரீடரில் 90 எம்பி என்றால் 12 நிமிடம். யுஎச்எஸ்-2 கார்டும் ரீடரும் 250 கொடுத்தால் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கார்டை மாற்றும் முன் ரீடரை மாற்றிப் பார்க்கலாம்.

*

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு வேறு விதி. கேபின் கேமரா ஃபுல் எச்டியில் நொடிக்கு 15 மெகாபிட் பதிவு செய்தால் 2 எம்பிகூட இல்லை. சி10 கார்டே அதிகம். ஆனால் பத்து மணி நேர ஓட்டத்தில் 67 ஜிபி ஆகிறது. 64 ஜிபி கார்டு அதற்குள் நிரம்பி, பழையதை அழித்து எழுத ஆரம்பித்துவிடும். தினமும் இதே வேலை, கூடவே சித்திரை வெயிலில் நிறுத்திய கேபினின் சூடு. ஃப்ளாஷ் சிப் இத்தனை முறைதான் அழித்து எழுதத் தாங்கும். இங்கே கேட்டு வாங்க வேண்டியது 'ஹை எண்டியூரன்ஸ்'. பல சாதாரண கார்டுகளின் வாரண்டி விதியில், இப்படி ஓயாமல் பதிவு செய்வது சேராது என்றே எழுதியிருக்கிறார்கள்.

*

விதிவிலக்கு ஒன்று. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கையடக்க விளையாட்டுக் கருவி, மெமரி கார்டு என்றால் கேம்களை மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டில் மட்டுமே ஏற்றும். பழைய கார்டில் கேம் வைக்க வழியில்லை. இங்கே வேகம் கட்டாயம். ஆனால் அதே எக்ஸ்பிரஸ் கார்டை யுஎச்எஸ்-1 ஸ்லாட் மட்டுமே உள்ள ஸ்டீம் டெக் என்ற இன்னொரு விளையாட்டுக் கருவியில் போட்டால் சாதா கார்டாக இறங்கி ஓடும்.

*

சுருக்கமாக: போனுக்கு ஏ1, சி10 போதும், போனில் 4கே எடுப்பவர் யு3 வாங்கலாம். கல்யாண போட்டோவுக்கு, கேமராவின் இரண்டு ஸ்லாட்டும் என்ன என்று பார்த்துவிட்டு யுஎச்எஸ்-2. வண்டி கேமராவுக்கு வேகம் வேண்டாம், ஆயுள் வேண்டும். 200, 190 என்ற எண்ணுக்காக மட்டும் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம்.

*

வேகத்தைவிட முக்கியம் கார்டு ஒரிஜினலா என்பது. போலியில் உள்ளே 16 ஜிபி இருக்கும். கண்ட்ரோலர் 256 என்று போனிடம் பொய் சொல்லும். 16 தாண்டியதும் புதிய படம் பழையதன்மேல் விழும், அல்லது எங்கும் விழாமல் போகும். பெயர் மட்டும் பட்டியலில் தெரியும், திறந்தால் 'கரப்ட்'. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். எழுதும் வேகமும் அதிலேயே தெரிந்துவிடும். பெரிய கார்டு என்றால் மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். வாங்கிய அன்றே செய்துவிட வேண்டிய வேலை இது, பில் கையில் இருக்கும்போதே.