வண்டியுறுப்புப் பொருத்தம்

சொற்கள் ஒன்றோடொன்று கூடுமிடத்து நிகழ்வனவற்றை ஆராய்தல் தமிழ் மாணாக்கராகிய எமக்கு நாடோறும் உள்ள பணி. நிலைமொழியின் ஈறு யாது, வருமொழியின் முதல் யாது, அவ்விரண்டுந் தழுவுங்கால் இயல்பாய் நிற்குமோ, ஓர் எழுத்துத் தோன்றுமோ, திரியுமோ, கெடுமோ என்று நன்னூலார் காட்டிய நெறியே வினவிப் பழகிய எமக்கு, மோட்டார் வண்டிக்கு வேண்டும் உறுப்புக்களைத் தெரிந்து பட்டியல் எழுதும் வேலையும் சென்ற விடுமுறையில் வந்து வாய்த்தது. இலக்கணத்திற்கும் இரும்புக்கும் யாது இயைபு என்று நேயர் நகைப்பர். உறுப்பின் சிறப்பைக் காட்டிலும் அஃது இணையும் இடத்தின் சிறப்பே பெரிது என்பது இரண்டிற்கும் பொதுவாம். அதனை விளக்குதலே ஈண்டு எம் கருத்து.

எம் தமையனார் சென்னையில் ஒரு தொழிற்சாலையிற் பணிபுரிபவர். அவர் சென்ற ஆண்டு, முன்னர் ஒருவர் ஓட்டிய 2016-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா வண்டியொன்றை வாங்கினார். அதன் பெட்ரோல் எஞ்சின் 1.8 லிட்டர் கொள்ளளவினது, டர்போ பொருத்தப்பட்டது, 180 குதிரைத்திறனும் 250 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையும் தருவது. அவ்விசையைச் சக்கரத்திற்குக் கடத்துவது ஏழு கியர்களையுடைய டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ். இம்மூன்றாந் தலைமுறை ஆக்டேவியா 2013-இல் நம் நாட்டிற்கு வந்தது. குடும்பத்தோடு செல்வார்க்கு அமைதியான செடானாகவும், நெடுஞ்சாலையில் விரைவை விரும்புவார்க்கு விளையாட்டு வண்டியாகவும் ஒருங்கே பயன்படுதலின், அஃது இன்றும் பலர் உள்ளத்தைக் கவர்ந்து நிற்கின்றது.

தமையனார் ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். எஞ்சினின் கணினியைத் திருத்தி விசை கூட்டும் ரீமேப், 18 அங்குல அலாய் வீல்கள், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், முழங்கும் சைலன்சர் ஆகிய நான்கும் அவர் விரும்பியவை. "தம்பி, நீ எழுத்தெண்ணிப் படிப்பவன், எது சேரும், எது சேராது என்று பார்த்து எழுதித் தா" என்றார். அவர் விருப்பப் பட்டியலில் பிரேக்கும் டயரும் இல்லை. இவ்வண்டியிலேயோ எம் அன்னையார் இரண்டு திங்களுக்கொரு முறை பாளையங்கோட்டையிலிருந்து வேலூருக்கு மருத்துவத்தின்பொருட்டு இரவிற் செல்வது வழக்கம். ஆதலின் இப்பட்டியலை விளையாட்டாக எழுத எமக்கு மனம் வந்திலது.

முதற்கண் யாம் அறிந்தது, பெயரொற்றுமை பொருளொற்றுமையாகாது என்பது. ஒரே ஆண்டில் ஒரே பெயரோடு விற்கப்பட்ட ஆக்டேவியாக்களுள்ளும் 1.4 லிட்டர் வண்டிக்குப் பின்புற அச்சு ஒரே குறுக்குத்தண்டாய் அமைந்தது, 1.8 லிட்டர் வண்டிக்கோ பல இணைப்புக் கைகள் கூடியதாய் அமைந்தது. முன்புற ஷாக் அப்சார்பரின் குழாயும் முன்னதற்கு 50 மில்லிமீட்டர் விட்டமும், பின்னதற்கு 55 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. இதனை ஓராமல் ஒரு கடைக்காரர் "ஆக்டேவியா 2016" என்று பெட்டியின்மேல் எழுதியிருந்ததையே சான்றாகக் கொண்டு, மற்றை வகைக்குரிய ஸ்பிரிங்குகளை எமக்கு அனுப்பிவிட்டார். எம் ஊர் மெக்கானிக் முதியவர். பெட்டியைத் திறந்தவுடனே பின்புற ஸ்பிரிங்கின் வடிவம் வேறென்று கண்டு, "இது இந்த வண்டிக்கு உட்காராது தம்பி, மூடி வை" என்றார். அதனைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுதற்குள் மூன்று வாரங் கழிந்தது. பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாது, வண்டியின் அடியிற் குனிந்து பார்த்தலே முறை.

பெயரினும் நம்பத்தக்கது உறுப்பின் எண். இவ்வண்டிக் குடும்பத்தின் எண்களைப் பகுபதம்போலப் பிரித்து நோக்கலாம். முன்புற பிரேக் டிஸ்கின் எண் 5க்யூ0 615 301 என்று தொடங்கும். முதற்பகுதி எவ்வண்டிக்கென முதலில் வகுக்கப்பட்டது என்பதைக் காட்டும். 5இ0 என்பது ஆக்டேவியாவிற்கே உரியது. 5க்யூ0 என்பது அதனோடு ஏழாந் தலைமுறை கால்ஃப், அக்காலத்து ஆடி ஏ3 முதலியவற்றிற்கும் பொது. நடுப்பகுதி உறுப்பின் இனத்தை உணர்த்தும். 615 என்பது பிரேக் இனம். இறுதியில் வரும் எழுத்து, விகுதி போன்று, திருத்தத்தையும் வேறுபாட்டையுங் குறிக்கும். விகுதி மாறினாற் பொருள் மாறுதல்போல, அவ்வீற்றெழுத்து மாறினால் அளவும் மாறலாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிற் புதியது வாங்கினும், புதுப்பேட்டையிற் பழையது வாங்கினும், இவ்வெண்ணைக் கையிலெழுதிக்கொண்டு செல்பவன் ஏமாறுதல் அரிது.

இனிச் சக்கரம். ஆக்டேவியாவின் சக்கரம் ஐந்து போல்ட்டுகளால் இணைவது. அவை 112 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்பன. மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகள் பலவற்றிற்கும் இதே அளவு உண்டு. ஆதலின் அவற்றின் சக்கரம் இதிற் சேரும் என்பார் பலர். போல்ட் சேரும், நடுத்துளை சேராது. ஆக்டேவியாவின் ஹப் 57.1 மில்லிமீட்டர், மெர்சிடிஸ் சக்கரத்தின் துளை 66.6 மில்லிமீட்டர். இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். அன்றேற் சக்கரம் நடுநில்லாது, விரைவில் ஸ்டீயரிங் அதிரும். புணர்ச்சியில் இடையே வந்து நிற்கும் உடம்படுமெய்யை இவ்வளையம் எமக்கு நினைவூட்டிற்று.

போல்ட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. இவ்வண்டிக்குரிய போல்ட்டின் கழுத்து உருண்டை வடிவினது. வெளியார் செய்யும் சக்கரங்களிற் பெரும்பாலான கூம்பு வடிவக் குழியுடையன. மரை ஒன்றாதலின் இரண்டும் முறுகிவிடும். ஆயின் உருண்டையும் கூம்பும் தம்முள் மெல்லிய ஒரு வரையளவே தொட்டு நிற்கும். நாளடைவில் அவ்விணைப்புத் தளரும். சக்கரத்திற்கேற்ற போல்ட்டையே வாங்கி, அளவுகாட்டும் ஸ்பானரால் 120 நியூட்டன்-மீட்டருக்கு முறுக்கி, சிறிது தொலைவு ஓடியபின் மறுபடியுஞ் சோதித்தல் வேண்டும். ஆப்செட் என்னும் அளவும் புறக்கணிக்கத்தக்கதன்று. 51 உள்ள சக்கரத்தை நீக்கி அதே அகலத்தில் 35 உள்ளதைப் பூட்டினால், சக்கரம் 16 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பாரம் ஏறியபோது மட்கார்டில் உரசும். பேரிங்கும் விரைவில் தேயும்.

டயரில் எம் தமையனார்க்கும் எமக்கும் வழக்கு நேர்ந்தது. வண்டியோடு வந்த 205/55 ஆர்16 டயரின் முழு விட்டம் 632 மில்லிமீட்டர். அவர் விரும்பிய 225/40 ஆர்18 என்பது 637; யாம் கூறிய 225/45 ஆர்17 என்பது 634. விட்ட அளவில் இரண்டுந் தகும். ஆனால் பக்கச்சுவரின் உயரம் முதலதற்கு 113, பதினெட்டிற்கு 90, பதினேழிற்கு 101. பள்ளத்தில் விழுந்தபோது அடியைத் தாங்குவது அச்சுவரே. நம் சாலைகளில் இரவிற் செல்லும் வண்டிக்கு 90 மில்லிமீட்டர் போதாதென வாதிட்டோம். கடையில் மலிவாய்க் கிடைத்த 225/50 ஆர்17 டயரையும் விலக்கினோம். அதன் விட்டம் 657 ஆதலின், முன்பு மீட்டர் நூறு காட்டிய வேகத்திற்கு இப்போது ஏறத்தாழ 96 காட்டும். டயரின்மேலுள்ள 91வி என்னுங் குறி, ஒவ்வொரு டயரும் 615 கிலோகிராம் பாரமும் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகமுந் தாங்கும் என்பதாம். புதியது அதனிற் குறைதலாகாது.

நிற்க. ரீமேப் செய்வதன்கண் தமையனார்க்கிருந்த ஆசையே பெரிது. விற்போர், 250 நியூட்டன்-மீட்டர் விசை 300-ஐக் கடக்கும் என்பர். எஞ்சின் அதனைத் தருமென்பதில் எமக்கு ஐயமில்லை. அதனை ஏற்பது எது என்பதே வினா. இவ்வண்டியிலுள்ள ஏழு கியர் டி.எஸ்.ஜி., எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளட்ச் உடையது. அதனைச் செய்தோர் அதற்கு வரையறுத்த எல்லை 250 நியூட்டன்-மீட்டரே. எஞ்சினுக்கும் அதே எண்ணை அவர்கள் வைத்தது அதனை எண்ணியே. அந்நிறுவனமே 2017-இல் 350 நியூட்டன்-மீட்டர் விசையுள்ள ஆக்டேவியா ஆர்.எஸ். வண்டியை இங்கு விற்றபோது, அந்த ஏழு கியர் பெட்டியை விட்டு, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சுடைய ஆறு கியர் பெட்டியைப் பொருத்திற்று. விசை கூட்டக் கருதியவர் அவ்விசையைத் தாங்கும் உறுப்பையும் உடன் மாற்றினர் என்பதை நோக்குக. மயிற்பீலியே ஆயினும் மிகுத்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவனார் வலியறிதலில் உணர்த்தியது வண்டியையே எடுத்துக்காட்டாக வைத்தன்றோ? பழைய ஆடையிற் புதுத்துண்டு தைப்பதைப்பற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையும் இதனையே வேறு வாயிலால் விளக்கும். வலிய துண்டு மெலிந்த ஆடையைக் காவாது, கிழிசலைப் பெரிதாக்கும்.

"அப்படியாயின் ஒன்றுரூபாயும் வேகத்திற்குச் செலவிடாதே என்கின்றாயா?" என்று தமையனார் சினந்தார். வேகம் தீதென யாம் கூறிலேம். விழுப்புரங் கடந்த நீண்ட சாலையில் அவ்வண்டி கைக்கடங்கி விரையும்போது உண்டாகும் மகிழ்ச்சியை யாமும் அறிவேம். ஆயின் 80 கிலோமீட்டர் வேகத்தினின்றும் நிறுத்துதற்கு வேண்டும் ஆற்றலினும், 120 கிலோமீட்டரினின்றும் நிறுத்துதற்கு வேண்டுவது இரண்டேகால் மடங்கு. அவ்வளவும் வெப்பமாய் மாறி பிரேக்கிலே தங்கும். பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்குங்கால் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. ஈரமேறியபின் அவ்வெல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி தோன்றும். மிதித்த பெடல் எதிர்ப்பின்றி உள்ளே போகும். முந்தைய உடைமையாளர் அவ்வெண்ணெயை மாற்றியதற்கு வண்டியின் சர்வீஸ் புத்தகத்திற் குறிப்பே இல்லை. இதனைத் தமையனார்முன் விரித்து வைத்தோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், "அம்மா பின்னால் உட்கார்ந்திருப்பார்" என்று தாமே கூறினார்.

சட்டமும் நினைக்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், மீறிய ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தந்தது. முழங்கும் சைலன்சர் இதனாலேயே எம் பட்டியலினின்றும் நீங்கிற்று. மருத்துவமனைத் தெருவில் இரவு இரண்டு மணிக்கு முழங்கிச் செல்லும் வண்டியை எவர் வாழ்த்துவர்?

முடிவில் வாங்கியன இவை: வண்டிக்குரிய அளவிலேயே புதிய பிரேக் டிஸ்குகள், நல்ல பேட்கள், டாட் 4 எண்ணெய், 17 அங்குலச் சக்கரம் நான்கு, அவற்றிற்கேற்ற போல்ட்டுகளோடு, உயர்ந்த வகை டயர்கள், உயரத்தைக் குறைக்காத புதிய ஷாக் அப்சார்பர்கள். ரீமேப் செய்யவில்லை. தமையனார் முழுதும் உடன்பட்டாரென யாம் கூறோம்; ஆறு கியர் பெட்டியுடைய ஆர்.எஸ். வண்டி ஒன்று விலைக்கு வருமோ என்று அவர் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றார். அது நேரிய ஆசையே. தாங்கும் பெட்டியோடு வரும் விசையை எவர் மறுப்பர்?

இவ்வாறு பொருள் செலவிட முற்படும் நண்பர்க்கு யாம் சொல்லத்தக்கது ஒன்றே. உறுப்பை வாங்குமுன், அஃது எதனைத் தொடும், எதன்மேற் பாரம் ஏற்றும், அப்பாரத்தை ஏற்பது எது என்று மூன்றும் வினவுக. நிற்கச்செய்வனவற்றை முதலிலும், பற்றச்செய்வனவற்றை அடுத்தும், ஓடச்செய்வனவற்றை இறுதியிலும் வாங்குக. சென்ற திங்கள் எம் அன்னையார் அவ்வண்டியில் வேலூருக்குச் சென்று மீண்டார். அதில் யாது மாறிற்றென்று அவர்க்குத் தெரியாது. திண்டிவனம் வரை நன்றாய் உறங்கினேன் என்று மட்டுங் கூறினார்.