பெத்ம

அநுராதபுர மாவட்டத்துக் குளத்தோரக் கிராமங்களில் சிங்களவரோடு நீரைப் பகிர்ந்து வாழும் எங்களுக்கு ‘பெத்ம’ பழகிய சொல். சிறுபோகத்தில் நீர் முழு வயலுக்கும் போதாதபோது, குளக்கட்டை அண்டிய வயல்களை மட்டும் விதைப்பார்கள். அவை எவருக்குச் சொந்தமானாலும், அந்தப் போகத்துக்கு எல்லோருக்கும் அதில் பங்குண்டு. கடைவயல்காரரான என் வாப்பா இன்னொருவரின் வரம்புக்குள் விதைத்து எங்களை வளர்த்தது அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்துக்கும், ஈற்றில் மல்வத்து ஓயாவுக்கும் போகிறது. மன்னாரில் அதுவே அருவியாறாகிக் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் தருகிறது. மேலே காடழித்தால் கீழே குளம் தூர்ந்துபோகும். உலர்வலயத்தின் இக்குளத்தொடர்களை 2017இல் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனம் உலக விவசாய மரபுரிமையாக அங்கீகரித்தது.

தூர் அள்ள இயந்திரங்கள் வருகின்றன, நல்லதே. ஆனால் விவசாயக் கிணறும் பம்பும் உள்ளவர்கள் பெத்மவுக்கு இணங்கத் தயங்குகிறார்கள். நீர் பொதுவென்ற நபிமொழியை ஜும்ஆவில் கேட்ட பிறகும்தான். குளம் ஆழமாகி, பங்கிடும் வழக்கம் அற்றுப்போனால் கடைவயலுக்கு என்ன பயன்?

என் மனைவிக்குச் சீதனமாக வந்தது கட்டோர வயல். அடுத்த வறட்சியில் பெத்ம கேட்டுக் கடைவயல்காரர் எழும்போது, முதலில் சம்மதம் சொல்ல வேண்டியவன் நான்.