சிவப்பொளியும் அளவும்

1967இல் புடாபெஸ்டில் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மழித்த எலிகளின் தோலில் ஆற்றல் குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சினார். புற்று தோன்றவில்லை, முடி விரைந்து வளர்ந்தது. இன்று வீடுகளுக்குள் வந்துவிட்ட சிவப்பொளி விளக்குகளின் வேர் அங்கேதான் உள்ளது.

மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இவ்வொளியை ஏற்கிறது என்பதே பரவலான விளக்கம். ஆயினும் அளவு மிகுந்தால் பயன் குறைகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் ஒளி 5 நிமிடம் விழுந்தால் 6 ஜூல். அரைமணி நேரம் விழுந்தால் 36 ஜூல். எனவே அலைநீளமும், எவ்வளவு தொலைவில் எவ்வளவு செறிவு என்பதும் குறிக்கப்படாத விளக்கை வாங்குபவர் மருந்தின் அளவறியாமல் உண்பவரை ஒப்பர்.

சுருக்கத்துக்கும் முடியுதிர்வுக்கும் பொறுமையோடு முயலலாம். ஆறாத நீரிழிவுப் புண்ணை மட்டும் விளக்கை நம்பி விட்டுவைக்கலாகாது. அங்கே தாமதத்தின் விலை ஒரு கால்.