மண்சட்டி பளபளன்னு இருக்கா? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

இருங்காட்டுக்கோட்டையில என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் ஷிஃப்ட் முடிச்சு யூனிஃபார்மோட வர்ற கம்பெனித் தொழிலாளர்கள். இப்போ அடிக்கடி வர்ற கேள்வி இது: "டாக்டர், நான்ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு மண்சட்டிக்கு மாறலாமா?"

தாராளமா மாறலாம். ஆனா எந்த மண்சட்டிங்கிறதுதான் விஷயம். அதைச் சொல்ல கீழடி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரணும்.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனவங்க அந்தக் கருப்பு-சிவப்புக் கிண்ணங்களைப் பார்த்திருப்பீங்க. உள்பக்கமும் விளிம்பும் கருப்பு, வெளியே சிவப்பு. ரெண்டு கலர் பெயின்ட் இல்லைங்க, ஒரே களிமண்தான். கவிழ்த்து வெச்சுச் சுடும்போது உள்ளே காத்து போகாது. மண்ணுல இருக்கிற இரும்பு, ஆக்சிஜன் கிடைச்ச இடத்துல சிவக்கும். கிடைக்காத இடத்துல கரியும் படிஞ்சு கருப்பாகும். (நம்ம ரத்தம் சிவப்பா இருக்கிறதுக்கும் இரும்புதான் காரணம்.) அந்த மினுமினுப்பு, சுடுறதுக்கு முன்னாடி வழவழப்பான கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு வந்தது.

2020-ல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் கீழடி ஓடுகளோட கருப்புப் பூச்சுல கார்பன் நானோ குழாய்கள் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. உடனே "தமிழனுக்கு அன்றே நானோ டெக்னாலஜி தெரியும்"னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. குயவருக்கு நானோ தெரிஞ்சிருக்க வேண்டாம். 2,000 வருஷம் தாண்டியும் உரியாத பூச்சு போடத் தெரிஞ்சிருக்கு, அதுவே பெரிய விஷயம்.

எனக்கு முக்கியமாப் படுறது வேற. அந்தக் கிண்ணங்கள் மேல கண்ணாடி மாதிரி உருகிப் படியுற மெருகு, அதாவது கிளேஸ், கிடையாது. கம்மியான சூட்டுலயே கிளேஸ் உருகணும்னா அதுல காரீயம் கலப்பாங்க. சரியாச் சுடலைன்னா அந்தக் காரீயம் சாப்பாட்டுல இறங்கும். அதுவும் புளி, தக்காளி, தயிர்னா இன்னும் வேகமா.

(பாட்டி ரசம் வெச்ச ஈயச் சொம்பு வேற. அது வெள்ளீயம். அதுலயும் காரீயக் கலப்படம் உண்டு, தெரிஞ்ச இடத்துல வாங்குங்க.)

இது வெறும் பயமுறுத்தல் இல்ல. மெக்சிகோவைப் பாருங்க. மாயா மக்கள் காலத்துக் கிண்ணங்கள்ல காரீய மெருகு இல்ல. அந்தப் பக்கத்துல 'பிளம்பேட்'னு ஈயத்தோட பேரையே வெச்ச பழைய பளபளப்புப் பாண்டம் ஒண்ணு இருக்கு, அதுல கூட காரீயம் கிடையாது! 16-ஆம் நூற்றாண்டுல ஸ்பானியர்கள் அந்த மெருகைக் கொண்டுவந்தாங்க. இன்னிக்கும் அங்கே குழந்தைகள் ரத்தத்துல காரீயம் ஏறுறதுக்கு அந்தப் பாண்டங்கள் ஒரு பெரிய காரணம்.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயித்து வலி, மலச்சிக்கல், சோர்வு, ரத்தசோகை... எல்லாம் நாம தினமும் பாக்குற சாதாரணத் தொந்தரவு மாதிரியே வரும். குழந்தைங்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே படிப்பும் கவனமும் அடிபடும். இரும்புச்சத்து குறைஞ்ச உடம்பு காரீயத்தை இன்னும் அதிகமா உறிஞ்சும். நம்ம ஊர்ல எத்தனை கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகைன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால என்ன செய்யலாம்? சமைக்க மெருகு போடாத சட்டியாப் பாருங்க. உள்ளே ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க, சட்டி மெதுவாக் குடிச்சிடும். அப்படியே முத்து மாதிரி நின்னா ஏதோ பூசியிருக்காங்க. பூசினதெல்லாம் காரீயம்னு அர்த்தமில்ல. ஆனா கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, அதுல மட்டும் புளிக்குழம்பு வேண்டாம். உள்ளே பெயின்ட் அடிச்சதை ஷோகேஸ்ல வைங்க. வாங்கின சட்டியை வடிகஞ்சி ஊத்திப் பழக்கிட்டு அடுப்புல ஏத்துங்க.

பேட்டரி, சால்டரிங் வேலை பாக்குறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை: வேலை உடுப்பை மாத்தி, குளிச்சுட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்க. வேலை உடுப்பை வீட்டுத் துணியோட சேர்த்துத் துவைக்காதீங்க. காரணம் தெரியாத வயித்து வலி விடாம இருந்தா, நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தத்துல காரீய அளவு பாக்க டெஸ்ட் இருக்கு, அதைக் கேட்டு எடுங்க.